டொரத்தி காதில் விழுந்த படங்கள்

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் மஞ்சள் கல் பதித்திருக்கிறார்கள். கண் தெரியாதவர்கள் காலால் தடவிப் பார்த்துக்கொண்டே நடப்பதற்கு. அந்தக் கல்லின் மேல்தான் நம் ஆட்கள் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். டொரத்தியின் குச்சி மோட்டாரில் இடித்தால் அப்படியே நின்றுவிடுவாள். "இது யாரோட குதிர?" என்று ரோடு முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். சொந்தக்காரன் சாப்பிட்ட கையோடு ஓடி வரும்வரை ஓர் அடி நகரமாட்டாள்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்து, படித்து, ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டராகப் பல வருஷம் இருந்தாள். பிறகு கம்பெனி மெஷின் குரலை வைத்துக்கொண்டு இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. "மெஷினுக்கு மெடிக்கல் லீவு வேணாம்ணே. என்ன மாதிரி வாயும் கெடையாது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசையில் பாடுவாள். என் மகள் விஷ்ணுப்ரியா குடியிருக்கும் பிளாட்டில், கீழ் வீடு அவளுடையது.

என் மருமகன் சுகுமாறன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். பார்வை இல்லாதவர்களுக்குப் போனில் உள்ள தமிழைப் படித்துக் காட்டும் செயலி ஒன்றைத் தொடங்கியவர் அவர்தான். அதை எப்படிச் செய்தார்கள் என்பது மூடி மறைக்காமல் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். யாருக்கும் சம்பளம் இல்லை. கிள்ளானிலிருந்தும் சாலாக் செலாத்தானிலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து செய்கிறார்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அதை முதலில் போட்டுக் கேட்டு, எங்கே தப்பு என்று சொல்வது டொரத்தியின் வேலை.

நல்ல காரியம்தான். ஆனால் இவர்கள் பேசிக்கொள்ள வைத்திருந்த இடம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்குக் குமட்டும். ஒரு வாட்சப் குரூப். காலையில் ரமணி என்ற பெண்மணி சாமி படத்தோடு குட் மார்னிங் போடுவார். அதற்கு எல்லாரும் கைகூப்புவார்கள். பிறந்த நாள், கருமக்கிரியை, தோசைமாவு விற்பனை எல்லாம் அங்கேதான். நடுவில் எங்கேயாவது வேலை கிடக்கும்.

என் பேரன் பிறந்தான். கிளி மூக்கு, சிவந்த உள்ளங்கால். அவனைக் கையில் வாங்கிய நிமிஷத்திலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. சுகுமாறன் அவன் போட்டோவைக் குரூப்பில் போட்டார். வாழ்த்து, பூ, கேக், தொட்டில் என்று கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் டொரத்தி குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். "சுகு, புதுசு பாதியிலயே ஊமையாயிடுது. வெளிய விட்டுடாத." அது கேக்குக்கும் பூவுக்கும் அடியில் போய்விட்டது. லோகன் என்ற பையன் மறுநாள் புதுச் செயலியை எல்லாருக்கும் வெளியே விட்டான். சுங்கை பூலோவில் ரெங்கசாமி என்ற பார்வையற்ற பெரியவருக்குப் போன் பேசுவதை நிறுத்திவிட்டது. தனியாக இருக்கிறவர். பெற்ற மகளைக் கூப்பிடக்கூட வழியில்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை உட்கார்ந்திருந்தாராம். என் பேரன் முகத்தை அந்த வாழ்த்துக்காரர்களுக்குக் காட்டியிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

அதன் பிறகுதான் வாட்சப்பை விட்டு வேறு இடத்துக்கு மாறலாம் என்று ஆரம்பித்தார்கள். அதையும் எப்படிச் செய்தார்கள் தெரியுமா?

டொரத்தி பேரனைப் பார்க்க மேலே வந்திருந்தாள். மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தடவி, "அண்ணே, கால் விரல் நீளம். உங்க ஜாடைலா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது அவள் போன் படிக்க ஆரம்பித்தது.

"லோகன். படம். ரமணி. இதயம். லோகன். ஓட்டு முடிஞ்சிருச்சு, நாம புது இடத்துக்குப் போறோம். டொரத்தி ஆன்டி பதில் போடல, அதனால சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்."

லோகன் நான்கு இடங்களை நான்கு கலரில் ஒரு படமாகப் போட்டு, பிடித்த கலரில் இதயம் போடச் சொல்லியிருந்தான். கண் தெரியாதவளிடம் கலர்!

"அண்ணே, பிள்ளைய வாங்கிக்குங்க" என்றாள் டொரத்தி.

"சின்னப் பையன் ஆன்டி, வேணும்னு செய்யல" என்று சுகுமாறன் இழுத்தார்.

மாப்பிள்ளை என்பதற்காக நான் மறைக்கமாட்டேன். அந்த இழுப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது. என் மகள்தான் கேட்டாள்: "அவங்க போன் படிக்கறதுக்குத்தானங்க நீங்க இத ஆரம்பிச்சதே?"

டொரத்தி எழுந்து குச்சியை விரித்தாள். "ஞாயித்துக்கெழம எல்லாரையும் இங்க வரச் சொல்லு சுகு. பூச முடிஞ்சு வரேன். நானும் பேசற எடமா பாருங்க. இல்லன்னா என் பேர எடுத்துடு."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். விஷ்ணுப்ரியா வடை சுட்டிருந்தாள். லோகன், கம்ப்யூட்டரில் விளையாடும் பையன்கள் கூடிப் பேசும் ஏதோ ஓர் இடத்தைப் பற்றி அளந்தான். "வாட்சப்பு பாசார் மாலாம் ராத்திரிச் சந்த மாதிரி இருக்குலா. இங்க ஒவ்வொரு வேலைக்கும் தனி ரூம் இருக்கு."

"அதுல நான் எப்படி நுழையறது?" என்றாள் டொரத்தி.

"நீங்க எதுக்கு ஆன்டி கஷ்டப்படறீங்க? நாங்க அங்க பேசி முடிவு பண்ணி, உங்களுக்கு போன்ல சொல்லிடறோம்."

அவன் வடையை மென்றுகொண்டே சொன்னான். என் வாயில் இருந்த வடை கசந்தது. கம்பெனி மெஷின்கூட இவளிடம் இப்படிப் பேசியிருக்காது.

டொரத்தி போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, அவன் சொன்ன இடத்தைத் திறந்தாள். "பட்டன். பட்டன். பெயரில்லாத பட்டன். படம். பெயரில்லாத பட்டன்." நிற்கவேயில்லை. பேரன் விழித்து வீறிட்டான்.

ரமணி மெல்ல, "நான் தெனமும் சாமி படம் அனுப்பறேனே, அது உங்களுக்கும் சேத்துத்தான் டொரத்தி" என்றார்.

"என்ன சாமி?"

"பிள்ளையாரு."

"எனக்கு வெறும் 'படம்'னுதான் வருது. யேசுன்னு நெனச்சுக்கிட்டு கும்பிட்டுக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ரமணியும் சிரித்தார். லோகன் மட்டும் சிரிக்கவில்லை.

சுகுமாறன் ஒருவழியாக முதுகை நிமிர்த்தினார். "இமெயில் லிஸ்ட் வைப்போம். ஒருத்தர் எழுதினா எல்லாருக்கும் போகும். வெறும் எழுத்து. நாளைக்குப் புதுசா வர்றவனும் பழசத் தேடிப் படிக்கலாம். ஆன்டி சரின்னு எழுதாம எதுவும் வெளிய போகாது."

"இமெயிலா? அதெல்லாம் தாத்தா காலத்து சாமான்லா" என்றான் லோகன்.

"தாத்தா இங்கதான்டா இருக்கேன்" என்றேன், பேரனைத் தோளில் தட்டிக்கொண்டு. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவு இனிப்பு.

சுகுமாறன் அங்கேயே லிஸ்டைத் தொடங்கிக் கொடுக்க, டொரத்தி ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தாள். அவரவர் போனுக்கு வந்தது. ஓட்டு எதுவும் எடுக்கவில்லை.

இதோடு திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. மறுநாள் அந்த லிஸ்டில் லோகன் போட்ட முதல் கடிதம், செயலியில் கண்ட கோளாறு ஒன்றைப் படம்பிடித்த படம். கூட ஓர் எழுத்துக் கிடையாது. சீ என்றாகிவிட்டது எனக்கு.

டொரத்தியின் பதிலை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள்.

"லோகன், படத்துல என்ன இருக்குன்னு எழுதி அனுப்பு. பதில் வரலன்னா நீ வெலகிக்க சம்மதம்னு எடுத்துக்கறோம்."

சாப்பாட்டு நேரத்துக்குள் எழுதி அனுப்பிவிட்டான். முழுசாக ஒரு பக்கம்.