ஒரு ரோட்டைக் கடக்க ட்ரென்டன் வரை போனோம்

இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்கு அழைத்துப் போகும் கூட்டம் நாங்கள். நான் மட்டும் ஐந்து தடவை நனைந்திருக்கிறேன். ஆனால் வீட்டிலிருந்து முப்பத்தைந்து மைலில் இருக்கும் ட்ரென்டனை, நாங்கள் குடியிருந்த நியூ ஜெர்ஸியின் தலைநகரை, டர்ன்பைக் நெடுஞ்சாலைப் பலகையில் மட்டும்தான் பார்த்திருந்தோம். 1999 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை அங்கே போனோம். சுற்றிப் பார்க்க அல்ல, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு ரோட்டைக் கடக்க.

விஷயம் இதுதான். எங்கள் அபார்ட்மென்ட் ரோட்டுக்கு இந்தப் பக்கம், நூலகம் அந்தப் பக்கம். நடுவில் ஆறு லேன். நடப்பவர்களுக்கு சிக்னல் கிடையாது. ஐந்து நிமிடம் நடந்தால் போய்விடக்கூடிய இடத்துக்கு, பிள்ளைகள் எங்கள் கார் சாவிக்காகக் காத்துக் கிடந்தார்கள். அந்த ரோடு மாநிலத்துக்குச் சொந்தம், அதைப் பற்றி ட்ரென்டனில் பொதுமக்கள் கருத்துக் கேட்கப் போகிறார்கள் என்று என் மகள் காவ்யாவின் டீச்சர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். இங்கே வசிக்கிற யாரும் போய் இரண்டு நிமிடம் பேசலாம், சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை, வயதும் தடையில்லை என்றும் சொல்லியிருக்கிறார். காவ்யாவுக்கு அப்போது பதினைந்து. நான் பேசுகிறேன் என்று கை தூக்கிவிட்டு வந்துவிட்டாள்.

என் கணவர் சுந்தருக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் கிரீன் கார்ட் விண்ணப்பம் அப்போதுதான் போயிருந்தது.

"H-1 விசால இருக்கோம். பேப்பர் போற நேரத்துல கவர்மென்ட்கிட்ட போய் அது சரியில்ல இது சரியில்லன்னு எதுக்கு வம்பு?"

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ சிக்னல்," என்றாள் காவ்யா. பத்து வயதில் சென்னையிலிருந்து வந்தவள். வந்த ஆறே மாதத்தில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழகியிருந்தாள்.

கடைசியில், பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன், வாயைத் திறக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு சுந்தர் லீவு போட்டார்.

மாடி வீட்டு தியாகுவும் வசந்தியும் தங்கள் வேனில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. கூட்டம் பத்து மணிக்குத்தான். ஆனால் திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம், அதற்கு முன்னால் படி இறங்கிவிட வேண்டும் என்று வசந்தி சொல்லிவிட்டாள்.

"சென்னை ராகு காலத்துக்கு நியூ ஜெர்ஸில என்னடி வேல? அங்க இப்ப சாயங்காலம்," என்றார் தியாகு.

"கொழந்த பேசப் போறா. நீங்க பேசாம வண்டிய எடுங்க."

ஏழு பத்துக்குக் கிளம்பினோம். டர்ன்பைக்கில் எக்ஸிட் 9இல் ஏறி, 7A-வில் இறங்கி, 195ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். சாலை காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. காவ்யா பின் சீட்டில் தன் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எட்டு மணிக்கு ஊருக்குள் நுழையும்போது சட்டசபைக் கட்டடத்தின் தங்கக் கோபுரம் வெயிலில் மின்னியது. சுந்தர்கூட அழகாக இருக்கிறது என்றார். பக்கத்தில் டெலவேர் ஆறு. பார்க்கிங் லாட்டில் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை ஆற்றைப் பார்த்தபடி சாப்பிட்டோம். பவானியில் பிறந்த தியாகு, ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததில் ரொம்ப மகிழ்ந்து போனார்.

ஒன்பதுக்குக் கட்டடத்தின் கதவைத் திறந்ததும் முதலில் நுழைந்தவர்கள் நாங்கள்தான். காவ்யா நேரே ரெஸ்ட் ரூமுக்குப் போனாள். கூட்டம் நடக்கும் அறை வாசலில் ஒரு மேஜை, அதில் ஒரு தாள், ஒரு பேனா. தமிழ்ச் சங்க விழாக்களில் வாசலில் பெயர் எழுதிவிட்டுத்தானே சாப்பாட்டுக்குப் போவோம்? அதே பழக்கத்தில் தியாகு எழுதினார், வசந்தி எழுதினாள், நான் எழுதினேன், சுந்தர் நல்ல கையெழுத்தில் முழுப் பெயரையும் எழுதி, கீழே காவ்யாவின் பெயரையும் சேர்த்தார். தாளின் தலைப்பில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. காவ்யா திரும்பி வந்து பார்த்துவிட்டு, இது பேச விரும்புகிறவர்களின் பட்டியல் என்று சொன்னபோது, எங்களுக்குக் கீழே வேறு ஆட்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

"அம்மா, இட்ஸ் நாட் எ கல்யாணம்," என்று பல்லைக் கடித்தாள். எங்கள் பெயர்களை அடித்துவிடலாம் என்று நான் போவதற்குள் தாளை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

பத்து மணிக்கு, முன்னால் அதிகாரிகளின் நடுவில் உட்கார்ந்திருந்த கண்ணாடிபோட்ட அம்மையார் முதல் பெயரைப் படித்தார். தியாகு எழுந்து, மேடம், நான் வண்டி ஓட்டத்தான் வந்தேன் என்றார். அறையே சிரித்தது. பிள்ளைகள் சொல்வதுதான் என் கட்சியும் என்று வசந்தி முடித்துக்கொண்டாள். நான் மைக்கைப் பிடித்து, எனக்கும் அதே என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். காவ்யாவின் முகம் சிவந்து போயிருந்தது. அவள் வாரக்கணக்கில் தயார் செய்ததை நாங்கள் மூன்று பேரும் கோமாளிக் கூத்தாக்கிவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது. அடுத்தது சுந்தர்.

எழுந்திருக்கவே மாட்டார் என்று நினைத்தேன். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டார். பிறகு ஆபீஸ் ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது.

"நான் தினமும் காலையும் மாலையும் அந்த ரோட்டில் கார் ஓட்டுகிறேன். ஓரத்தில் ஆட்கள் நிற்பதைப் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருவருக்காகவும் நான் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் பின்னால் வருகிறவன் இடிப்பான். என் மகள் அங்கே நின்றாலும் என்னால் நிறுத்த முடியாது. தயவுசெய்து என்னை நிறுத்த ஒரு விளக்கு போடுங்கள்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காவ்யாவின் பெயரைப் படித்தார்.

காவ்யா கையிலிருந்த தாளை மடித்துவிட்டாள். "தட் வாஸ் மை டாட்," என்று தொடங்கினாள். நூலகத்துக்குப் போக முடியாத மாலைகளைப் பற்றி, எதிர்ப்பக்கம் இருக்கும் தோழியைப் பற்றி, குரல் தடுமாறாமல் பேசினாள். கை தட்டக் கூடாது என்று தெரிந்தும் தியாகு தட்டிவிட்டார். வெளியே வந்ததும் அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேன் வரை விடவில்லை. எனக்கு அன்று இருந்த சந்தோஷம் நயாகராவில் ஒரு தடவையும் இருந்ததில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், அதற்குக் காசு இல்லை. எங்களுக்குப் பார்க்கிங் ஐந்து டாலர் ஆனது, இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. முக்கியமாக, பிள்ளைகளை அழைத்துப் போங்கள். விசா, கிரீன் கார்ட் என்று பயந்து தள்ளிப் போடாதீர்கள். எங்கள் பேப்பர் தன் பாட்டுக்கு ஆமை வேகத்தில் வந்து சேர்ந்தது. யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

2001 வசந்த காலத்தில் சிக்னல் வந்தது. முதல் நாள் மாலை ஆபீஸிலிருந்து வந்த சுந்தரின் காருக்கு முன்னால் சிவப்பு விழுந்தது. காவ்யாவும் தோழிகளும் புத்தகப் பையோடு, அவசரமே இல்லாமல், கதை பேசிக்கொண்டு கடந்தார்கள். முதல் வரிசையில் நிற்பது அப்பாவின் கார் என்று அவள் கவனிக்கவே இல்லை. பச்சை விழுந்து, பின்னால் ஹார்ன் அடித்தும் இவர் காரை எடுக்கவில்லையாம்.

"அவ அந்தப் பக்கம் ஏறட்டும்னு பாத்தேன்," என்றார்.