அதிபருக்கு ஃபாயினா என்ன முறை?

எங்கள் கோஸ்லோகோர்ஸ்க் ஊரில் ஒரு வதந்தி பல வருடங்களாக டிக்கெட் எடுக்காமலே டிராமில் போய்வந்துகொண்டிருந்தது. நான்காம் எண் டிராமின் நடத்துநர் ஃபாயினா புரோகரொவ்னா, முன்னாள் அதிபரின் தங்கை என்பதுதான் அது. எந்த முன்னாள் அதிபர் என்பதில் ஊருக்குள் ஒற்றுமை இல்லை. தங்கை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. ஆண்டுதோறும் முதல் பனி விழும் நாளில் கறுப்புக் கண்ணாடி போட்ட கார் ஒன்று கடைசி நிறுத்தத்துக்கு வருமாம். அதிலிருந்து இறங்குபவர் டிராமில் ஏறிச் சந்தைக்குப் போய், உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்புவாராம். ஒரு வருடம் அவரிடம் சில்லறை இல்லையென்று ஃபாயினா பாதி வழியில் இறக்கிவிட்டதாகவும் கேள்வி. அதை நேரில் பார்த்தவர்கள் மட்டும் பதினான்கு பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு மின்சாரம் தடைப்பட்டு டிராமே ஓடவில்லை என்று பணிமனைக் குறிப்பேடு சொல்கிறது. குறிப்பேட்டை யார் நம்புகிறார்கள்?

இத்தனை காலம் யாரும் கேள்வி கேட்காத இந்த உறவை விசாரித்துவரும்படி எங்கள் பத்திரிகை ஆசிரியர் சென்ற மாதம் என்னை அனுப்பினார். அந்த வாரம் வியாழக்கிழமை நகர மன்றத்தில் வாக்கெடுப்பு. நான்காம் எண் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அங்கே பேருந்து விடலாமா என்பது விஷயம். இதற்கு முன் மூன்று துணை மேயர்கள் இதே யோசனையோடு வந்தார்கள். மூன்று பேர் காதிலும் யாரோ ஒருவர் "அந்த டிராமுல அவரோட தங்கச்சி வேலை பாக்குது" என்று சொன்னார்கள். மூன்று கோப்புகளும் அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. நான்காவதாக வந்திருக்கும் போக்தான் எமில்யேவிச் வெளியூர்க்காரர். அவருக்கு ஆதாரம் வேண்டுமாம்.

திங்கட்கிழமை காலை ஏறினேன். நான்காம் எண் டிராம் பிரசவ மருத்துவமனையில் புறப்பட்டு, பள்ளிக்கூடம், தொழிற்சாலை, சந்தை, இதய மருத்துவமனை வழியாகக் கல்லறைத் தோட்டத்தில் முடிகிறது. தடம் போட்ட பொறியாளர் வாழ்க்கையை ஒழுங்காகக் கவனித்த மனிதராக இருக்க வேண்டும்.

ஃபாயினாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆரஞ்சு நிற மேலங்கி, விரல்நுனி வெட்டிய கையுறை, கழுத்தில் டிக்கெட் சுருள். எங்கள் ஊர் வழக்கப்படி எண்பது வயதுக் கிழவர்கூட அவரை "பொண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்.

"பொண்ணே, சந்தைக்கு ஒண்ணு குடு."

"இந்தாங்க பையா. கம்பியைப் பிடிச்சுக்குங்க, வளைவு வருது. போன வாரம் மாதிரி என் மடியில வந்து உக்காராதீங்க."

டிராமை ஓட்டுவது அவருடைய கணவர் ரோடியன். முப்பத்தொரு வருடமாக இருவருக்கும் ஒரே வண்டி. ஓட்டுநரின் அறைக்கும் பெட்டிக்கும் நடுவில் கண்ணாடி. எனவே அவர் நிறுத்தங்களை அறிவிக்கும் ஒலிபெருக்கியில்தான் மனைவியோடு பேசுகிறார். நான் ஏறியபோது வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"அடுத்த நிறுத்தம், பள்ளிக்கூடம். கதவு மூடும்போது கவனமா இருங்க. ஃபாயா, நேத்து சூப்புல உப்பு இல்லைன்னு நான் குத்தமா சொல்லல, தகவலா சொன்னேன்."

ஃபாயினா மணிக்கயிற்றை இருமுறை இழுத்தார். புறப்படலாம் என்று அர்த்தம். கொஞ்சம் அதிகமாகவே இழுத்தார். மன்னிப்பு இல்லை என்றும் அர்த்தம்.

"உப்பு இல்லைன்னா போட்டுக்க வேண்டியதுதானே?" என்றார் முட்டைக்கூடையோடு நின்ற ஒரு பெண்மணி.

"அதையே நான் நேத்து ராத்திரி கேட்டேன், அதுக்கு மனுஷன் வாயைத் திறக்கல" என்றார் ஃபாயினா. "வீட்டுல இந்த ஆளு ஊமை. வண்டியில ஏறுனாத்தான் நாக்கு முளைக்குது."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் டிக்கெட் கிழித்துத் தந்தார். எண்களைக் கூட்டிப் பார்த்தேன். ஆறு இலக்கத்தில் முதல் மூன்றின் கூட்டலும் கடைசி மூன்றின் கூட்டலும் சமமாக வந்தால் எங்கள் ஊரில் அதிர்ஷ்டம். அந்த டிக்கெட்டைத் தின்றுவிட வேண்டும். வரவில்லை. பசியோடு உட்கார்ந்தேன்.

"தங்கச்சின்னு நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல" என்றார். "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, எல்லாத்தையும் சொல்றேன். மறைக்க என்ன இருக்கு?"

அதற்கு முன் பணிமனைக்குப் போனேன். ஆவணப் பிரிவின் பெண்மணி ஊழியர் அட்டையை எடுத்துக் காட்டினார். 'உயர்பதவியில் இருப்பவரோடு, இருந்தவரோடு உறவு உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே, கட்டைவிரல் அகலக் கட்டத்தில், 'ச., மு. அதி.' என்று தட்டச்சு செய்திருந்தது.

"சகோதரி, முன்னாள் அதிபர்" என்று படித்தார் அந்த அம்மாள். "தெளிவா இருக்கே. வேற என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு?"

சாயங்காலம் ஃபாயினாவின் வீட்டுக்குப் போனேன். ஐந்து மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி, இரண்டு அறைகள். கதவைத் திறந்தவள் முப்பது வயதுப் பெண், கையெல்லாம் மாவு. பெயர் உல்யானா, பல் மருத்துவமனையில் நர்ஸ். இறைச்சி வைத்துக் கொழுக்கட்டை போலப் பெல்மெனி உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என் மருமக" என்றார் ஃபாயினா.

"பழைய மருமக" என்றாள் உல்யானா. "உப்பை வச்சுட்டுச் சும்மா நில்லுங்க அத்தை, அளவு கூடிப்போச்சு."

கதை இதுதான். ஃபாயினாவின் மகன் க்லெப் உல்யானாவைக் கட்டினான். உல்யானாவின் அப்பா ஸ்பிரிடோன், பக்கத்து மாவட்டத்தில் தேனீ வளர்ப்பவர், அதிபரின் சித்தி மகன். முறைப்படி தம்பி. ஆக ஃபாயினா, அதிபரின் தம்பிக்குச் சம்பந்தி. அந்த வருடம் பணிமனையில் ஊழியர் அட்டையைப் புதுப்பித்தபோது, தம்பிக்குச் சம்பந்தி என்றால் அண்ணனுக்கும் சம்பந்தி என்று விண்ணப்பத்தில் ஒரு வரி விடாமல் எழுதிக்கொடுத்தார். கட்டத்தில் இடம் போதவில்லை. தட்டச்சு செய்தவர் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார். சம்பந்திக்கும் சகோதரிக்கும் முதலெழுத்து ஒன்றுதான்.

அந்தத் திருமணமும் இரண்டே வருடத்தில் முறிந்தது. க்லெப் வடக்கே எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். உல்யானா பெட்டியைக் கட்டினாள்.

"நான் வாசல்ல நின்னுக்கிட்டேன்" என்றார் ஃபாயினா. "எங்கே கிளம்பிட்டேன்னு கேட்டேன். விவாகரத்து ஆயிடுச்சுங்கறா. உனக்கும் அவனுக்கும்தானே ஆச்சு, எனக்கும் உனக்கும் எப்போ ஆச்சுன்னு கேட்டேன். பெட்டியை உள்ள வச்சா."

"பெட்டி கனமா இருந்துச்சு" என்றாள் உல்யானா.

ஆக, எல்லாம் கூட்டிக் கழித்தால் ஃபாயினா புரோகரொவ்னா முன்னாள் அதிபரின் முன்னாள் சம்பந்தி. அதிபரை அவர் பார்த்தது தொலைக்காட்சியில் மட்டும். உல்யானா தன் 'பெரியப்பா'வை அதில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அவர் பேச ஆரம்பித்தால் அப்பா அலைவரிசையை மாற்றிவிடுவாராம். சின்ன வயதில் அண்ணன் தூண்டிலை உடைத்த கோபம்.

"இதை அப்படியே எழுதிடட்டுமா?" என்று கேட்டேன்.

ரோடியன் முதன்முறையாக வாயைத் திறந்து, "எழுதினா டிராம் போயிடும்" என்றார். மறுபடி மூடிக்கொண்டார்.

ஃபாயினா கரண்டியைக் கீழே வைத்தார். "பஸ்ஸுக்குக் கண்டக்டர் கிடையாது, மெஷின்தான். என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இவரை ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணாம் நம்பருக்கு மாத்துவாங்க. காலையில நாலு மணிக்குப் போனா ராத்திரிதான் வருவார். பணம் கிடக்கட்டும், எப்படியோ சமாளிப்போம். இந்த மனுஷன் எங்கிட்ட வாயைத் திறக்கறதே அந்த மைக்குல மட்டும்தான். டிராம் போயிடுச்சுன்னா நாங்க எங்கே பேசிக்கறது?"

பெல்மெனி கொதித்து மேலே வந்தது.

"அப்போ எழுத வேண்டாமா?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? யாராவது நேரா கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன். நீங்களும் எழுதுங்க. வெள்ளிக்கிழமைதானே பேப்பர் வரும்?"

புதன்கிழமை மதியம் நானும் டிராமில் இருந்தபோது, போக்தான் எமில்யேவிச் தானே வந்து ஏறினார். காரிலேயே திரியும் மனிதர். படி எங்கே என்று தேடியதிலேயே தெரிந்தது. கையில் ஒன்பது சிவப்புக் கார்னேஷன் பூக்கள். கதவு மூடியபோது ஒன்று ஒடிந்து வெளியே விழுந்தது. மிச்சம் எட்டு. இரட்டைப்படைப் பூ எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான். பெட்டியே எண்ணிப் பார்த்துத் திகைத்தது.

"கல்லறைத் தோட்டத்துக்கா போறீங்க ஐயா?" என்றது முட்டைக்கூடை.

ஃபாயினா ஒரு பூவை உருவி அந்தக் கூடையில் செருகினார். "ஏழு. இப்போ உயிரோட இருக்கேன். டிக்கெட் எடுங்க."

துணை மேயர் தன் அடையாள அட்டையைக் காட்டினார்.

"படம் நல்லா விழுந்திருக்கு. டிக்கெட் எடுங்க."

எடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மரியாதைக்குரிய ஃபாயினா புரோகரொவ்னா, மாஸ்கோவுல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்றார்.

"மாஸ்கோவுல எனக்கு யாரையும் தெரியாது."

"புரியுது, புரியுது."

"என்ன புரியுது? நான் அவருக்குத் தங்கச்சி இல்ல. என் பையன் கட்டினது அவரோட சித்தி மகன் பொண்ணை. அதுவும் முறிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. கார்டுல எழுத்தைச் சுருக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

போக்தான் எமில்யேவிச்சின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பதினைந்து வருட அரசுப் பணியில் அவர் எத்தனையோ சொந்தக்காரர்களைப் பார்த்தவர். அமைச்சரின் மாமன் என்று சொல்லிக்கொண்டு வந்தவனெல்லாம் போலி. இல்லை என்று சொன்ன சொந்தக்காரரை அவர் இதுவரை பார்த்ததேயில்லை.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. "அடுத்த நிறுத்தம், நகர மன்றம். ஐயா, அவ சொல்றது சத்தியம். முப்பத்தொரு வருஷத்துல அவ ஒரு பொய் சொன்னதில்ல. அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு."

"குடும்பமே பயிற்சி எடுத்திருக்கு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்த துணை மேயர், இறங்கும்போது படியில் நின்று தொப்பியைக் கழற்றி வணங்கினார். ஃபாயினா என்னைப் பார்த்தார். "நான் சரியாத்தானே சொன்னேன்? ஏன் இந்த ஆளு இப்படிக் குனியறார்?"

வியாழக்கிழமை மன்றத்தில் போக்தான் எமில்யேவிச் எழுந்து, நான்காம் எண் டிராம் நகரத்தின் இதயத் துடிப்பு என்றார். தண்டவாளத்தில் கைவைப்பவன் வரலாற்றில் கைவைக்கிறான் என்றார். கோப்பு தன் மூன்று சகோதரர்களோடு அலமாரியில் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை நான் முழு உண்மையையும், அட்டையின் கட்டம் வரைக்கும், எழுதினேன். என்னை வழியில் நிறுத்திக் கைகுலுக்கியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "அருமையா மறைச்சிருக்கீங்க."

ஞாயிற்றுக்கிழமை ஃபாயினா வீட்டில் எனக்கு விருந்து. உல்யானா வாத்து வறுத்திருந்தாள். ரோடியன் வழக்கம்போல மௌனம். ஆனால் மூன்று முறை உப்பைப் புகழும் விதமாகத் தலையசைத்தார். அப்போது தொலைபேசி. ஸ்பிரிடோன். ஃபாயினா எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"சம்பந்தியம்மா! இங்கே பஞ்சாயத்துத் தலைவர் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கோஸ்லோகோர்ஸ்க்ல டிராமைக் காப்பாத்தின மாதிரி எங்க பாலத்தையும் காப்பாத்துங்கன்னு. நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. பிறந்தீங்க, அவ்வளவுதான். அது இருக்கட்டும் சம்பந்தி. கல்யாணத்தன்னிக்கு என் வீட்டுக்காரர் தொப்பியைத் தலையில வச்சுக்கிட்டுப் போயிட்டீங்களே, அது என்னாச்சு?"

மறுமுனையில் ஸ்பிரிடோன் இருமினார்.

"எந்தத் தொப்பி?"

"முயல்தோல் தொப்பி. உங்களது ஆணியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு, இவர் தலைக்கு ரெண்டு விரல் சின்னது. எட்டு வருஷம் ஆச்சு. நடுவுல பிள்ளைங்க பிரிஞ்சதால நான் கேக்கல."

"அது உங்களுதா?" என்றார் ஸ்பிரிடோன் தேய்ந்த குரலில். "எனக்குப் பெரிசா இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு. அந்த வருஷம் அண்ணன் பிறந்தநாளுக்கு என்ன குடுக்கறதுன்னு தெரியாம... தூண்டில் விவகாரத்தை முடிச்சுக்கலாம்னு... மாஸ்கோவுக்குப் பார்சல்ல அனுப்பிட்டேன்."

வாத்தின் மீது கத்தி நின்றது. உல்யானா சிரித்து மேசையில் கவிழ்ந்தாள். இரண்டு குடும்பத்துக்கும் முன்னாள் அதிபருக்கும் இடையில் நடந்த ஒரே கொடுக்கல் வாங்கல் ரோடியனின் தலையிலிருந்து போயிருக்கிறது.

"எழுதிக் கேளு" என்றார் ரோடியன். வீட்டுக்குள், மனைவியிடமே, ஒலிபெருக்கி இல்லாமல். நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம்.

"யாருக்கு எழுதறது? என்ன முறைன்னு போட்டு எழுதறது?" என்றார் ஃபாயினா. "எடுத்துக்கிட்டுப் போனவர் சம்பந்தி. அவர்தான் தரணும்."

ஸ்பிரிடோன் தந்தார், தன்னால் முடிந்ததை. அடுத்த வாரம் மூன்று லிட்டர் ஜாடி நிறைய லிண்டன் பூத் தேன் பேருந்தில் வந்து சேர்ந்தது. உல்யானா கரண்டியோடு ஓடிவந்தாள். ரோடியன் ஜாடியின் மூடிமேல் கையை வைத்துவிட்டார். தேனைத் திறந்தால் தொப்பிக் கணக்கு முடிந்ததாக ஆகிவிடுமாம். ஜாடி இப்போது சமையலறை ஜன்னலில் மூடியபடி இருக்கிறது. வெளியே முதல் பனி விழ ஆரம்பித்துவிட்டது.