ஆடியில் வந்த தயிர்சோறு

ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்தம் இல்லையென்றால் எங்கள் நாய்களுக்குச் சோறும் கிடையாது. குச்சனூர் சனீஸ்வரரை நம்பியிருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, 2003-ஆம் வருஷத்து ஆடியில் அவர் எனக்குச் செய்ததை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகிற பாதையில் எங்களுக்கு ஒரு மாட்டுக்கொட்டகை உண்டு. அடிபட்ட நாய் ஒன்றை அதில் கொண்டுவந்து போட்டார். அதைப் பார்த்து ஆளாளுக்குக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். லாரியில் அடிபட்ட நாய்கள், கண் தெரியாத பசு, செங்கல் சுமந்து கால் ஒடிந்த கழுதை. விடிந்து கேட்டைத் திறந்தால் சாக்குக்குள் குட்டிகள் முனகும்.

புண்ணைக் கழுவ வேண்டும், புழு எடுக்க வேண்டும், மருந்து போட வேண்டும். ஒரு நாய்க்குப் போட்ட கட்டை இன்னொரு நாய் அவிழ்த்துவிடும். கொடியில் காயும் சேலையைக் கழுதை தின்றுவிடும். அதெல்லாம் எனக்குக் கஷ்டமே இல்லை. நாயோடும் கழுதையோடும் நன்றாகப் பேசுவேன். மனுஷரோடு பேசத்தான் நாக்கு எழாது.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சோறுதான் எங்கள் ஜீவன்களுக்குச் சாப்பாடு. ஆடியில் மட்டும் எங்கள் வீட்டுக்காரர் கடை கடையாகப் போய்க் கேட்டு வாங்கி வருவார். அந்த வருஷம் தை மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆடி பிறந்தது. நானும் என் நாத்தனார் ராசாத்தியும் மட்டும்தான். அவளுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. ஆகவே குருணை கேட்க அரிசி மில்லுக்கு நான் போனேன். முதலாளி, "என்னம்மா வேணும்?" என்றார். "மணி என்னங்கய்யா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ராசாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "மணி கேக்கவா மதினி இம்புட்டுத் தூரம் போனீக? வாயிருந்தும் நீங்களும் வாயில்லாச் சீவன்தான்!"

வீட்டில் இருந்த அரிசியைக் கஞ்சியாக்கி ஊற்றினோம். அதுவும் தீர்ந்தது. நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டன. அந்த அமைதி என்னைக் கொன்றது. "தொறந்து விட்ருவோம் மதினி. எங்கனயாச்சும் போய்ப் பொழைக்கட்டும்" என்றாள் ராசாத்தி, அவளும் அழுதுகொண்டு. நடக்க முடியாததுகள் எங்கே போய்ப் பிழைக்கும்?

மறுநாள் ஆடிச் சனிக்கிழமை. குச்சனூருக்குப் போனேன். கூட்டத்துக்குள் போகக் கூச்சம். தள்ளி நின்று கும்பிட்டேன். எல்லாரும் சனி விலக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "ஐயா, உங்க காக்காய்க்கு இங்கன எள்ளுச்சோறு கெடைக்குது. என் சீவனுங்களுக்கும் குடுங்க. ஆனா என்னைய மட்டும் யாருகிட்டயும் போய்க் கேக்க வச்சிராதீக." இப்படியும் ஒரு வேண்டுதலா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வீடு வந்து சேர்ந்தேன். மத்தியானம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வயதான ஓர் அம்மா இறங்கி, "இங்கன கருப்பு நாயி இருக்காம்ல? டீக்கடையில சொன்னாக" என்றார்கள். யாரையோ கடித்துவிட்டது, சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"மகனுக்கு ஏழரை நடக்குதுத்தா. ஒரு பொட்டு வெள்ளை இல்லாத கருப்பு நாயிக்குத் தயிர்சோறு வைக்கச் சொல்லியிருக்காரு சோசியரு. கம்பத்துலருந்து பாத்துக்கிட்டே வாரோம். ஒண்ணுக்கு வாலு வெள்ளை, ஒண்ணுக்குக் காலு வெள்ளை."

எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. மூன்று காலில் நடக்கும், யாரும் வளர்க்க எடுக்காத நாய். ஆள் வந்தால் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், என்னைப் போல. எங்கள் வீட்டுக்காரர் விளையாட்டாக ஒரு பெயர் வைத்திருந்தார். அதைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"ஏலே வெள்ளையா!"

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "வெள்ளையா? நாங்க கேட்டது கருப்புத்தா!"

"பேருதான் வெள்ளை. ஆளைப் பாருங்க, அடுப்புக்கரி!" என்று ராசாத்தி சிரித்தாள்.

வெள்ளையன் நொண்டி நொண்டி வந்தான். இலையில் வைத்த தயிர்சோற்றை மோந்து பார்த்தான். இலையையும் சேர்த்து நக்கினான். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார்கள். பிறகு கொட்டகையை எட்டிப் பார்த்தார்கள். வேனில், கோயிலில் கொடுத்ததுபோக மிச்சம் ஓர் அண்டா சோறு இருந்தது.

"மத்ததுகளுக்கும் வைக்கலாமாத்தா? நீங்க ஒண்ணும் நெனைச்சுக்கிட மாட்டீகளே?"

என்னைக் கேட்கிறார்கள்! கேட்க வராத எனக்கு, கேட்டு வர ஆளை அனுப்பிவிட்டார் சனீஸ்வரர். அன்றைக்கு எங்கள் கொட்டகையில் எல்லாம் சேர்ந்து குரைத்ததே, அதைவிட நல்ல நாதஸ்வரத்தை நான் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆட்டோ, கார், டிராக்டர் என்று வரிசை கட்டி நின்றன. அந்த அம்மா போன இடமெல்லாம் சொல்லியிருந்தார்கள். வெள்ளையனால் எவ்வளவு தின்ன முடியும்? வயிறு முட்டி, ஒருவர் வைத்த சோற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் கலங்கிப்போனார். "சாமி நம்மளை ஏத்துக்கிடலையே!"

"நம்ம செவலை நாயிக்கு மை அடிச்சு விட்ருவமா மதினி?" என்று ராசாத்தி என் காதில் கிசுகிசுத்தாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறந்தேன். "ஐயா, அவனுக்கு வயிறு நெறஞ்சிருச்சு, அம்புட்டுத்தான். சாமிக்கு உங்க மேல கோவமில்ல. பசிச்சு நிக்கிற செவலைக்கு வச்சுப் பாருங்க, அதுவும் அவரு புள்ளதான்." செவலை ஒரே வாயில் காலி செய்தது. அவர் சிரித்துவிட்டார். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அன்றிலிருந்து வருஷம் முழுக்கச் சோறு வருகிறது. எங்களுக்கு ஆடியில்தான் விருந்து. வெள்ளையன் கிழவனாகி, தொப்பையைத் தூக்கமாட்டாமல் நடக்கிறான். நானே அரிசி மில்லுக்குப் போய்க் குருணை கேட்கிறேன். "என்னம்மா, மணி கேக்க வந்தீகளா?" என்பார் முதலாளி. "ஆமாங்கய்யா, ஒரு மூட்டை மணி குடுங்க" என்பேன்.

உங்களில் யாருக்காவது வாய்விட்டுக் கேட்கத் தெரியாத கஷ்டம் இருந்தால், அவரிடம் போய்த் தள்ளியாவது நில்லுங்கள். தள்ளி நிற்பவர்களும் அவர் கண்ணில் படுவார்கள். "இவளுக்குச் சனி புடிச்சிருக்கு, அதான் நாயைக் கட்டிக்கிட்டு அழுகுறா" என்று ஊரில் அப்போது பேசினார்கள். உண்மைதான், பிடித்தார். பிடித்த கையை விட்டுவிடாதீர்கள் ஐயா என்றுதான் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வேண்டிக்கொள்கிறேன்.