காதர் சார் எந்த ஊர்க் கணக்கு?

செம்பூரில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது போன் வந்தது. காதர் சாரின் தம்பி மீரான். "அக்கா, அண்ணன் மவுத்தாயிட்டாங்க" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. "எங்க வச்சு?" என்றுதான் கேட்டேன். சாவுச் சேதி வந்ததும் முதலில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் காதர் சாரோடு வேலை பார்த்த யாரும் இதைத்தான் கேட்டிருப்பார்கள். மீரான் கொஞ்சம் தயங்கினார். "வண்டியில. ஊருக்குப் போற வழியில." அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குப் போகவே மாட்டேன் என்று என்னிடம் சொன்ன மனிதரை யார் வண்டியில் ஏற்றினார்கள்?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்துல் காதர் அவர்கள் கடையநல்லூரில் பிறந்து தாராவியில் வளர்ந்தவர். அங்கேயே கடைசிவரை குடியிருந்தார். செம்பூரில் நாங்கள் வேலை பார்த்த புற்றுநோய்ப் பதிவு அலுவலகத்தில் புள்ளியியல் அதிகாரி. எந்த மாவட்டத்தில், எந்த வட்டாரத்தில் எத்தனை ஆண்கள் புற்றுநோயால் இறக்கிறார்கள், அது கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. சார் வீட்டுச் சாவியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போவார். எண்களை மட்டும் நம்பமாட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாட்டுங்காவை விடத் தாராவியில் ஆண்களின் சாவு விகிதம் குறைவு என்று எழுதிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். நான் தாராவி லேபர் கேம்ப்காரி. நம்ம ஆட்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று ஓர் அற்பப் பெருமை. சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ரோஸ்லின், அங்க பாதி வீட்ல பென்ஷன்காரங்க. இங்க முக்காவாசி பேரு பொழைக்க வந்த வாலிபப் பசங்க. வயசைச் சமன் பண்ணாம ஒப்பிட்டா, தாத்தாவையும் பேரனையும் ஓடவிட்டு, பேரன் ஜெயிச்சிட்டான்னு கைதட்டுற கதைதான்."

சமன் செய்து பார்த்தோம். என் பெருமை போன இடம் தெரியவில்லை.

"சின்ன வட்டாரத்துல ஒரு வருஷத்தைப் பாத்துட்டு சந்தோஷப்படாதீங்க, பயப்படவும் செய்யாதீங்க. ரெண்டு பேரு கூடக்கொறைய செத்தா கோடு ஏறி இறங்கும். நாலஞ்சு வருஷத்தைச் சேத்துப் பாருங்க" என்பதும் அவர் சொன்னதுதான்.

பிறகு பேடா வந்த நாள். வருஷங்களைச் சேர்த்துப் பார்த்தும், வயதைச் சமன் செய்தும், தாராவி ஆண்களின் புற்றுநோய்ச் சாவு இறங்கிக்கொண்டே போனது. மேலதிகாரி குட்கா ஒழிப்புப் பிரசாரம் வென்றுவிட்டது என்று அலுவலகம் முழுக்கப் பேடா கொடுத்தார். சார் பேடாவைக் கையில் வாங்கி மேசை மேலேயே வைத்துவிட்டார். "பீடிய விட்டாங்களா, குட்காவ விட்டாங்களா? நான் தெனம் அந்தத் தெருவுலதான் நடக்கேன். ஒருத்தனும் எதையும் விடல. சாவு மட்டும் எப்படிக் கொறையும்?"

அன்று சாயங்காலம் என்னைத் தாதர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். தெற்கே போகிற வண்டி நின்றது. கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார். என்ன உடம்புக்கு என்று சார் மெல்ல விசாரித்தார். "அல்சருங்க. ஊர்க்காத்து பட்டா சரியாயிரும்" என்றார் அவர் மனைவி, எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

வண்டி கிளம்பியதும் சார் சொன்னார்: "பாத்தீங்களா, நம்ம விகிதம் வண்டி ஏறிப் போவுது. சாகுறதுக்கு ஊருக்குப் போயிருவாங்க. அங்க மாரடைப்புன்னு எழுதிருவாங்க, பொம்பளப் புள்ளைக்குச் சம்பந்தம் பேசணும்ல. இங்கயும் கணக்குல இல்ல, அங்கயும் புத்துநோய்ல இல்ல. அப்போ இந்த ஆம்பள எங்கதான் செத்தான்?"

எங்கள் சித்தப்பாவையும் அப்படித்தான் சொந்த ஊரான நாசரேத்துக்குக் கூட்டிப்போனோம். ஜெபக்கூட்டத்தில் கூட நோயின் பெயரைச் சொல்லவில்லை.

இறக்கத்தை நம்ப வேண்டாம் என்று சார் அறிக்கை கொடுத்தார். "காதர் கோ ஹர் சீஸ் மே ஷக் ஹை" என்று மேலதிகாரி சலித்துக்கொண்டார். "சந்தேகப்படத்தான் சார் எனக்குச் சம்பளம்" என்றார் இவர், இந்தியில், சிரிக்காமல்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் வந்தது. வாழ்நாளில் பீடியைத் தொடாத மனிதர். என்ன நியாயம் இது? இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தாராவி வீட்டுக்குப் பார்க்கப் போனேன். குரல் போய்விட்டது, காற்றுதான் வந்தது. "ஊருக்குக் கொண்டுபோகப் பாக்காங்க. நான் போகமாட்டேன் ரோஸ்லின். இந்த வட்டாரத்து ஆளு, இங்கதான் கணக்குல ஏறணும்" என்றார். மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ஜைனப் அக்கா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் அல்சர் என்றே சொல்லிவைத்திருந்தார். ரோஸ்மில்க் தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "பாக்க வந்தீங்களா, கணக்கெடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். நான் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

அதனால்தான் மீரானின் போன் வந்ததும் எனக்கு எல்லாம் புரிந்துபோன மாதிரி இருந்தது. ஏற்றிவிட்டார்கள். மாரடைப்பு என்று எழுதியும் முடித்திருப்பார்கள்.

வண்டி ஆந்திராவைத் தாண்டும் முன்பே சாரின் மூச்சு நின்றிருக்கிறது. ஓடும் வண்டியில் இறந்தால் முதலில் நிற்கிற ஊரில்தான் பதிவு. இறக்கிய ஊரின் ஜமாத்தார், முகம் தெரியாதவர்கள், கூட நின்று அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஜைனப் அக்கா தாராவிக்குத் திரும்பி வந்து, கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறார். போன வாரம் போனேன். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. "அக்கா, சார் சம்மதிச்சுதான் போனாங்களா?" என்று கேட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "அவங்கதான் கேட்டாங்க. ஊர்ல உம்மா அடங்கியிருக்கிற கபுரை ஒருதரம் பாக்கணும்னாங்க. நான்தான் வேணாம்னேன். 'கணக்கு தப்பிரும்பீங்களே'ன்னு கேட்டேன். 'கணக்கை நீ பாத்துக்க'ன்னு சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"எறக்குன ஊருல டாக்டர் என்ன நோய்னு கேட்டாரு. மாப்பிள்ளை வீட்டு ஆளு ஒருத்தரும் எங்ககூட வந்திருந்தாரு. மீரான் ஹார்ட் அட்டாக்னு ஆரம்பிச்சாப்ல. நான் முன்னால போயி, 'கலே கா கேன்சர். கர் தாராவி, பம்பாய். வஹீ லிக்கோ'ன்னேன். நோயும் வீடும் உள்ளபடியே எழுதுங்கன்னு. அவரு எழுதி முடிக்கிற வரைக்கும் அங்கனயே நின்னேன்."

"மாப்பிள்ளை வீட்ல?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

என் புத்தி அதோடு சும்மா இருக்குமா? வாசலில் மீரானைத் தனியாகப் பிடித்து விசாரித்தேன். "மைனி யாரைக் கேட்டுச் சொன்னாங்கன்னுதான் எனக்கு இன்னைக்கும் கோவம்" என்றார். அப்போதுதான் நம்பினேன். திரும்ப உள்ளே போய், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வராத அழுகையெல்லாம் அழுதேன். அன்றைக்குக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன ரோஸ்மில்க்கை இந்தமுறை மகளைக் கலக்கச் சொல்லி அக்கா கொடுத்தார்.

நோயும் குடியிருந்த ஊரும் சரியாக இருந்தால், எந்த மாவட்டத்தில் பதிந்திருந்தாலும் கேட்டு வாங்கி எங்கள் வரிசையில் சேர்க்கலாம். கேட்டு எழுதியிருக்கிறேன், வந்துவிடும்.

போய் வாருங்கள் சார். பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஊரில் கிடக்கிறீர்கள். ஆனாலும் தாராவிக்காரராகவே இருக்கிறீர்கள். நேற்றும் தாதரில் அந்த வண்டி கிளம்பியது. மப்ளர் கட்டிய ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வரப்போகிற விகிதக் கோட்டை நான் வழக்கம்போல நம்பப்போவதில்லை. அதில் ஒரே ஒரு சாவின் மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது.