துவக்குக்குப் பொட்டு வைத்தவர்

எழுபதுகளில், கடல் கடந்து வந்து குடியேறிய செவன் ஹில்ஸ் புறநகரில், எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கணக்காளர் இருந்தார். யாழ்ப்பாணத்தவர், கட்டையான மனிதர். அவருடைய சட்டைப் பையிலிருந்து எப்போதும் ஒரு சிவப்பு நகப்பூச்சுக் குப்பி எட்டிப் பார்க்கும்.

நான் முயல் வேட்டைக்கு வைத்திருந்த துவக்கு, குறி வைத்த இடத்தை விட்டு வேறெங்கோ சுட்டது. துவக்கு திருத்தத் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு அவரிடம் கொண்டுபோனேன். மேலே பூட்டியிருந்த தொலைநோக்கியை அசைத்தார், ஆடியது. அதைத் தாங்கிய பிடியின் திருகாணியைக் கழற்றி மணந்து பார்த்தார்.

"தேங்காயெண்ணெய் ஆர் பூசினது?"

"ஆயுத பூசைக்கு என்ர மனிசி பூசினவ."

"சாமி பொறுக்கும் தம்பி, ஆணி பொறுக்காது. எண்ணெய் பட்டால் தானாக் கழலும்."

எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்தார். ஆணிகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பிறகு ஒவ்வோர் ஆணியிலிருந்தும் பிடி வரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தார்.

"கோடு விலகினால் ஆணி அசைஞ்சிட்டுது எண்டு அர்த்தம். பொட்டும் வைச்சாச்சு எண்டு மனிசியிட்டச் சொல்லும்."

அந்தச் சனிக்கிழமை நான் வைத்த குறி ஒன்றும் தப்பவில்லை. நன்றியோடு முயல்கறி கொண்டுபோனேன். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நான் சைவம், தம்பி."

எங்கள் தெருவில் வேட்டைக்குப் போகிற துவக்கு எல்லாவற்றிலும் அவருடைய சிவப்புக் கோடு இருந்தது. நான் சட்டியோடு திகைத்து நின்றேன்.

"அது கிடக்கட்டும்," என்றார் ஆவலாக. "கோடு விலகேல்லைத்தானே?"