ராசியான மெசினுக்கு ஒரு கூலர்

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் ஒரு மணம் முகத்தில் அடித்தது. சுட்ட தூசியும் பழைய பிளாஸ்டிக்கும், அவற்றுக்கு அடியில் மெல்லியதாகச் சாம்பிராணியும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கு என் அறை மட்டும் விலக்கு. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். மீறுகிறவர் யார் என்பது எனக்குத் தெரியும், கலியாணம் செய்தவர்கள் என்றால் உங்களுக்கும் தெரியும். கேட்கத்தான் துணிவில்லை.

ஒரு மாதமாகவே இந்தக் கணினி மத்தியானமானால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது. காரணம் எனக்குத் தெரியாததல்ல. புரொசசரின் தலைமேல் இருந்து அதன் சூட்டை இறக்கவேண்டிய கூலர் கிழடாகிவிட்டது. அதன் காற்றாடி தொடங்கும்போதே இருமுகிறது. நானும் அப்படித்தான், ஆகவே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு நாளென்றால் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருப்பேன். ஆனால் நாளைப் பின்னேரம் குருநகரில் பிலோமினாக்காவின் அடக்கம். பாரிசில் இருக்கும் அவருடைய ஒரே மகன் றெஜி அதை இந்தக் கணினி வழியாகத்தான் பார்க்கவேண்டும்.

"முதுகிலை ஒப்பரேசன் முடிஞ்சு கிடக்கிறன் அண்ணை. பிளேன் ஏற விடமாட்டன் எண்டிட்டாங்கள்" என்றான் தொலைபேசியில். பிறகு கேட்டான்: "இடையிலை நிண்டுபோகாதே?"

"நிக்காது" என்றேன். சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

என் பிழைப்பைச் சொல்லவில்லையே. இங்கே நடக்கும் நல்லது கெட்டதுகளை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரலையாக அனுப்புகிறேன். மைத்துனன் யோகன் கமராவோடு போவான். நான் கொக்குவிலில் என் அறைக்குள் இருந்து, அவன் அனுப்பும் படத்தை வாங்கிச் சீர்செய்து உலகத்துக்கு விடுவேன். தொடங்கும்போது கலியாணங்கள்தான் என்று நினைத்தேன். இப்போது செத்தவீடுகள்தான் கூடுதல். ஊரில் எஞ்சியிருப்பவர்கள் வயதானவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் திரைக்கு அந்தப்பக்கம். சில நாட்களில் வேலை முடிந்து எழும்பும்போது, நான்தான் பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு போனவன் போலத் தோள் வலிக்கும்.

கூலர் வாங்கப் பட்டணத்துக்குப் போனேன். கடைக்காரப் பெடியன் ஒரு பெரிய பெட்டியை ஆசையோடு எடுத்து வைத்தான்.

"அண்ணை, தண்ணிக் கூலர். லைட் எல்லாம் கலர் கலராய் மாறி மாறி எரியும்."

"செத்தவீட்டுக்கு எனக்கென்னத்துக்கு தம்பி லைட்?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். தண்ணீர்க் குழாய் வைத்த கூலர் நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் கலியாணம் பேசிவைக்கிற வயது எனக்குக் கடந்துவிட்டது. ஒழுகினால் திருத்த ஆளும் இல்லை. செப்புக் குழாய்களும் தகடுகளும் ஒரு பெரிய காற்றாடியும் கொண்ட சாதாரணக் கோபுரக் கூலர் போதும் என்றேன். புரொசசர் எந்த இனம், பலகையில் அது உட்காரும் இருக்கை எது என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மனைவியின் தையல் நாடாவால் பெட்டியின் அகலத்தையும் அளந்து வைத்திருந்தேன். பெடியனுக்குச் சிரிப்பு. இருக்கட்டும். அளக்காமல் வாங்கியதால் பட்டது எனக்கல்லவா தெரியும்.

அது பல வருடங்களுக்கு முன்பு, குகண்ணையின் கடையில். கொக்குவில் ஸ்டேஷனடியில் அவர் ஒரு கொமியூனிகேஷன் வைத்திருந்தார். ஸ்டேஷன் என்ற பெயர்தான் இருந்தது, தண்டவாளம் அப்போது இல்லை. வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் பலகை மறைப்பு, தலையில் மாட்டும் ஹெட்போன், ஒற்றைக்கண் கமரா. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளின் முகத்தைப் பார்க்க ஊரே அங்கே வந்தது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்றிரண்டு கணினிகளைப் பிரித்துப் பூட்டியிருந்ததால் பெரிய இஞ்சினியர் என்ற நினைப்பு.

குகண்ணை இணுவில்காரர். விரதம், திருநீறு எதிலும் குறை வைக்கமாட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரமானால் தணலில் சாம்பிராணி போட்டு, பிள்ளையார் படத்துக்குக் காட்டி, பிறகு ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாகப் புகை பிடிப்பார். மெசின்களுக்குக் கண்ணூறு படக்கூடாதாம். படத்துக்கு நேர்கீழே இருந்த முதலாவது மெசினுக்குத்தான் புகை அதிகம், மரியாதையும் அதிகம். ராசியான மெசின் என்று பெயர். சோதனை முடிவு பார்ப்பது, விசா விசாரிப்பது, பெண் பார்ப்பது எல்லாம் அதில்தான். மற்ற மெசின்கள் சும்மா இருந்தாலும் சனம் அதற்காகக் காத்திருக்கும்.

பிலோமினாக்கா குருநகரில் இருந்து எங்கள் சந்தைக்கு மீன் கொண்டுவந்து விற்பவர். வியாபாரம் முடிந்ததும் குழாயடியில் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு, "இப்ப மணக்காது தம்பி" என்றபடி உள்ளே வருவார். மணக்கும். குகண்ணை ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அக்காவின் கழுத்தில் செபமாலை, தலைக்குமேல் பிள்ளையார். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பிரச்சினையும் இருந்ததாகத் தெரியவில்லை.

றெஜிக்குப் பாரிசில் கலியாணம் முற்றானது. அக்கா விசாவுக்குப் போட்டார், கிடைக்கவில்லை. அங்கே மாதா கோயிலின் முன்வரிசை வாங்கில் ஒரு மடிக்கணினியை வைத்து அங்கிருந்து காட்டுவது, இங்கே எங்கள் கடையில் அக்கா பார்ப்பது என்று ஏற்பாடு. அங்கே காலை, இங்கே உச்சி வெயில் கழிந்த பின்னேரம். ஒத்திகை பார்த்தபோது ராசியான மெசின் சிறிதுநேரம் ஓடிவிட்டுப் படீரென்று அணைந்தது. திரும்பப் போட்டோம், திரும்ப அணைந்தது.

திறந்து பார்த்தேன். கூலரின் தகடுகளுக்கிடையில் காற்றுப் போக வழியே இல்லை. செம்மண் தூசியும் சாம்பிராணிப் பிசினும் சேர்ந்து, கழுவாத மீன்சட்டியின் அடி மாதிரி இறுகிக் கிடந்தது. மற்ற மெசின்களிலும் இருந்தது, ஆனால் இவ்வளவு இல்லை.

"அண்ணை, இது சாம்பிராணி."

"என்னடா கதைக்கிறாய்? சாமிக்குக் காட்டுற புகை மெசினைப் பழுதாக்குமே?"

"சாமி மூச்செடுக்கிறேல்லை அண்ணை. மெசின் எடுக்குது."

அன்று முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் வேறு மெசினில் வைப்போம் என்று பிலோமினாக்காவிடமே கேட்டுப் பார்த்தேன்.

"வேண்டாம் தம்பி. அவன் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி உதிலைதான் பாத்தனான். அதிலையே பாக்கிறன்" என்றார்.

தகடுகளைச் சுரண்டினால் வளைந்தன. புதுக் கூலர்தான் வழி. கொழும்பில் இருந்து பஸ்ஸில் வரவழைத்தோம். இருப்பதிலேயே பெரிது என்று சொல்லியிருந்தேன். வந்தது. பூட்டினேன். பெட்டியின் தகடு மூடவில்லை. கூலர் வெளியே அரைச்சாண் நீட்டிக்கொண்டு நின்றது. இஞ்சினியர் அளக்க மறந்துபோனார். பெட்டியைப் பக்கவாட்டில் சரித்து, திறந்தபடியே விட்டோம். அதன் காற்றாடி வேறு லொறி ஏற்றம் ஏறுவது போல இரைந்தது.

கலியாண நாளன்று அக்கா கூறைச்சேலைக்கு நிகரான ஒரு பட்டில் வந்தார். தலையில் பூ, கையில் கேக் பெட்டி. கூடவே குருநகரில் பாதி. கதிரைக்குப் பின்னால் வாசல்வரை சனம். கடை அடுப்பாகிவிட்டது. திரையில் கோயில் தெரிந்தது, கோட்டுப் போட்ட றெஜி தெரிந்தான். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்திக்கொண்டார். ஹெட்போன் மாட்டிய காதுக்குள் எங்கள் கூலரின் இரைச்சல்தான் நிறைந்திருக்க வேண்டும்.

"அங்கை நல்ல காத்துப் போல. கோயிலுக்கை எப்பிடி இரையுது! பிள்ளை கோட்டுப் போட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

நான் திருத்தவில்லை. திறந்த பெட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தேன். கொதித்தது. அங்கே சுவாமியார் இன்னும் பிரசங்கத்தை முடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குகண்ணை தணல் தட்டோடு உள்ளே வந்தார். நல்ல காரியமல்லவா. சாம்பிராணி குபுகுபுவென்று எழும்பிக்கொண்டிருந்தது. திறந்து கிடந்த மெசினுக்குக் கிட்ட வந்ததும் நின்றார். மெசினைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அக்காவின் முதுகைப் பார்த்தார். திரும்பிப் போய்த் தட்டை வெளிப்படியில் வைத்தார். திரும்பி வரும்போது அவர் கையில் பனையோலை விசிறி. கூலரின் பக்கத்தில் குந்தி இருந்து விசிறத் தொடங்கினார். வேட்டி நிலத்தில் புரண்டது, திருநீறு வேர்வையில் கரைந்து வழிந்தது. சுவாமியார் முடிக்கும்வரை, றெஜி தாலி கட்டும்வரை, மோதிரம் மாற்றும்வரை விசிறினார். மெசின் நிற்கவில்லை. விசிறியால்தானா என்று கேட்டால், தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சந்தேகம் என்றுதான் சொல்வேன். மனதுக்குள் எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

குகண்ணையின் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. அவரும் போய்விட்டார். அவருடைய செத்தவீட்டையும் நான்தான் அனுப்பினேன், கனடாவுக்கு.

பட்டணத்தால் வந்து பழைய கூலரைக் கழற்றினேன். புரொசசரில் காய்ந்திருந்த, சூடு கடத்தும் பசையைப் பஞ்சால் துடைத்து, புதிதாக ஓர் உழுந்தளவு வைத்தேன். அதற்கு மேல் வைத்தால் பிதுங்கும். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரிக்க மறக்கக்கூடாது. மறந்தவர்களை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். திருகாணிகளை ஒன்றுக்கொன்று எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். தகடு மூடியது. போட்டேன். சத்தமே இல்லை. ஓடவில்லையாக்கும் என்று பயந்து குனிந்து பார்த்தேன், காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் பின்னேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வீட்டுச் செபம், கோயில் பூசை, பிறகு சேமக்காலையில் அடக்கம். சவப்பெட்டியை மூடும்போது யோகன் கமராவை அக்காவின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். அந்தக் கைகளில் செபமாலை சுற்றியிருந்தது. என் கணினி ஒரு கணமும் தடுமாறவில்லை. மண் போட்டார்கள். சனம் கலைந்தது, அதுவும் அதிகமில்லை.

"அத்தான், எல்லாரும் போயிட்டினம். கமராவைக் கழட்டட்டோ?" என்றான் யோகன்.

நான் வாய் திறக்குமுன் கணினியில் றெஜியின் குரல் வந்தது.

"அண்ணை, உந்த இரையிறது என்ன? உங்கடை மெசினோ?"

"இல்லையடா. கடல்காத்து."



"நிப்பாட்டாதேங்கோ அண்ணை. இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

யோகனிடம் பற்றறி முடியும்வரை விடு என்றேன். திரையில் புது மண்ணும், அதன்மேல் சரிந்து கிடந்த மலர்வளையமும்தான். பார்ப்பவர் எத்தனைபேர் என்று காட்டும் மூலையில் ஒன்று என்று இருந்தது. காற்று இரைந்துகொண்டே இருந்தது. மெசின் சூடாகவில்லை, விசிறவேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். என் கதிரைக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.