லுதியா அக்காவின் மூக்கு

லுதியா அக்காவுக்குப் போன மழைக்காலத்திலிருந்து உடம்பு சரியில்லை. செசெயான் மலைப்பக்கம் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். எருமை வெட்டிச் சடங்கு முடிகிற வரைக்கும் ஒருவர் செத்துப்போனார் என்ற பேச்சே எங்கள் வாயில் வராது. மூச்சு நின்றால் என்ன? துணி சுற்றித் தெற்கு அறையில் படுக்க வைப்போம். வேளாவேளைக்குச் சோறும் காப்பியும் கொண்டுபோய் வைப்போம். வெளியே கிளம்பினால் சொல்லிக்கொண்டு கிளம்புவோம். எருமை வந்தால்தான் அந்த உலகத்தின் கதவு திறக்கும். அதுவரை பாவம், இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நடுவழியில் நிற்பார்கள்.

அக்கா நடந்து திரிந்த நாளில் எங்கள் காப்பிச் சங்கத்துக்குச் சோதனை பார்த்தவள். எங்கள் எல்லாருக்கும் துண்டு துண்டாகத்தான் நிலம். தனித்தனியாக இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்க எவனுக்கும் வக்கில்லை. அதனால் சங்கத்துக்கே ஒரே சான்றிதழ். மக்கஸ்ஸார் பட்டணத்திலிருந்து வருகிற ஆய்வாளர் ஏதோ சில வீடுகளைப் பார்ப்பார். மற்ற வீடுகளுக்கு எங்களில் ஒருவர் போய்ப் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். ஒரு வீட்டு மூட்டையில் மருந்து இருப்பது வெளியே தெரிந்தாலும் ஊர்க் காப்பி முழுக்கப் போச்சு. சொந்தக்காரனைச் சொந்தக்காரனே சோதிக்கிற இந்தப் பொல்லாத வேலையை அக்கா ஒருத்திதான் முகம் பார்க்காமல் செய்தாள்.

மூட்டையை அவிழ்த்து வலது கையை முழங்கை வரை உள்ளே விடுவாள். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பாள். கொட்டையின் வெள்ளைத் தொலி கையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதைத் தட்டிவிடவே மாட்டாள், அப்படியே அடுத்த வீட்டுக்கு நடப்பாள். கூடப்பிறந்த தம்பி களைக்கொல்லி அடித்தான் என்று அவனையே சங்கத்தை விட்டுத் தூக்கினாள்.

"வீடு வீடா மோந்துக்கிட்டுத் திரியறியே, நீயெல்லாம் நாயாப் பொறக்க வேண்டியவ" என்று அவன் சந்தையில் வைத்துக் கத்தினான்.

"அதான் உன் கூடப் பொறந்திருக்கேன்ல" என்றாள் அக்கா. சந்தையே சிரித்தது. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். பயமும் உண்டு.

அக்காவுக்கு மாமா முறையான லோபோ அப்பா படுத்த வருஷம்தான் எல்லாம் கெட்டது. இப்போதெல்லாம் மூச்சு நின்றதும் நர்ஸைக் கூப்பிட்டு உடம்பு கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊசி போட்டுவிடுகிறார்கள். எங்கள் வீடுகள் தூண்மேல் நிற்பவை, தரை மூங்கில் பிளாச்சு. மேலே சொட்டினால் கீழே அடுக்கிய மூட்டையில் விழும். ஊசி போட்டவரின் அறைக்கு அடியில் காப்பி வைக்கக் கூடாது என்று சங்கத்தில் பேசி வைத்திருந்தோம்.

அன்றைக்கு மூட்டைகளை இறக்கிக் கொடுக்க நானும் கூடப் போயிருந்தேன். அக்கா கையை விட்டாள், மோந்தாள். முகம் சுருங்கியது.

"ஊசி போட்டிருக்க."

"சத்தியமா இல்ல லுதியா" என்றாள் லோபோ அம்மா. "ஊசின்னாலே அவரு ஓடுவாரு, உனக்குத் தெரியாதா? பழைய முறையில தழை வச்சுத்தான் சுத்தியிருக்கேன்."

"அப்ப இந்த வாடை எங்கேருந்து வருது?"

அக்கா மேலே ஏறிப் போனாள். படுத்திருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, மன்னிச்சுக்கோங்க. உங்க காப்பிய எடுக்க முடியாது" என்று சொன்னது கீழே எங்களுக்குக் கேட்டது. அந்தக் காப்பிதான் அவருடைய எருமை. ஒரு வியாபாரி அதை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு போனான். எருமைக்குக் காசு தேறவில்லை.

"நீயும் ஒருநாள் படுப்படி" என்று லோபோ அம்மா படியில் நின்று அழுதாள். "உனக்கும் எருமை வராம நடுவழியில நிப்ப."

அதற்கப்புறம் அவள் சங்கத்துக்குக் காப்பி கொண்டுவரவே இல்லை. அக்காவோ தோட்டத்தில் நடக்கும்போது நின்று நின்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். என்னவென்று கேட்டேன்.

"லோபோ அப்பா பின்னாலேயே வர்றாருடா. நான் நின்னா அவரும் நிக்கறாரு."

"எதுக்கு வர்றாருன்னு கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா சொல்லிருவாரேன்னு பயமா இருக்கு."

பிறகு அவளே படுத்துவிட்டாள். தனக்கு ஊசி வேண்டாம் என்று புருஷன் மத்தியுஸிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். கூப்பிடாமலே வந்து நின்ற நர்ஸை மத்தியுஸ் அத்தான் வாசலோடு விரட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். தழையும் எலுமிச்சம்புல்லும் வைத்துத் துணி சுற்றியதில் என் கையும் உண்டு.

இந்த அறுவடைக்குச் சோதனை வேலை என் தலையில் விழுந்தது. வேறு எவனும் வரமாட்டேன் என்றுவிட்டான். அக்கா வீட்டு மூட்டைகள் அவள் அறைக்கு நேர் கீழே இருந்தன. அவளுடைய எருமை அதில்தான் இருந்தது. கையை விட்டு ஒரு பிடி அள்ளி மோந்தேன்.

ஃபார்மலின். மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அத்தான், ஊசி போட்டீங்களா?"

"உனக்கென்ன கிறுக்கா? நீயும்தானே கூட நின்ன!" அவர் ஒரு பிடி அள்ளி மோந்தார். "நல்ல காப்பிடா."

அவர் வேறு என்ன சொல்லுவார்? மறுபடி மோந்தேன். அதே வாடை. வேண்டாம் என்று சொன்னால் அக்கா நடுவழியில் நிற்பாள். சரி என்று சொல்லி அது பொய்யாகப் போனால் ஊரே நடுத்தெருவில் நிற்கும். அப்போது தலைக்கு மேலே மூங்கில் தரை கிறீச்சிட்டது. அக்கா கிடந்த இடம்தான்.

"திரும்பிப் படுக்கறா" என்றார் மத்தியுஸ் அத்தான், சர்வ சாதாரணமாக.

அக்காவுக்கு நல்லது நினைக்காத ஒரு மூக்கு எனக்குத் தேவைப்பட்டது. நேரே போய் லோபோ அம்மாவைக் கூட்டிவந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் மூட்டைக்குள் கையை விட்டு அள்ளி மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், லுதியாவின் கதை முடிந்தது.

"காப்பி" என்றாள். "வெறும் காப்பி."

பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு எங்க வீட்டுலயும் வெறும் காப்பிதான்டா இருந்துச்சு." அழுதுகொண்டே கிளம்பிப் போனாள்.

அவளை நான் நம்பினேன். அந்த வாடை மூட்டையில் இல்லை. சோதிக்கிறவன் மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யார் அதை அனுப்புகிறார்கள் என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. வந்த கோபம் முழுக்க அக்கா மேல்தான் வந்தது. மேலே ஏறிப் போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்க காப்பி எடுத்தாச்சு. ஆனா அன்னைக்கு லோபோ அப்பா காப்பியிலயும் ஒண்ணுமே இல்லையாம். நல்ல மனுஷனை நடுவழியில நிக்க வச்சுட்டீங்க. உங்க மூக்கு பண்ணின தப்புக்கு நான் போய் அவருகிட்ட சமாதானம் சொல்ல முடியாது. நீங்களே போய்ச் சொல்லுங்க."

துணிச்சுருள் அசையாமல் கிடந்தது. பக்கத்தில் வைத்த காப்பி ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை, இந்த வருஷக் காப்பியைச் சங்கத்துக்குக் கொடுக்கச் சொல்லி லோபோ அம்மா வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கு அடியில் ஒரு மூட்டை அவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அவள் வெளிறிப்போய் நின்றாள்.

"இப்பத்தான் போனா" என்றாள்.

"யாரு அத்தை?"

"கைய உள்ள விட்டு மோந்து பாத்தா. அப்புறம் மேல ஏறிப் போயி அவருகிட்ட ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தா. நான் ஏறலடா."

நான் அதே மூட்டையில் கையை விட்டு மோந்தேன். நல்ல காப்பி வாசனை, வேறொன்றும் இல்லை. அங்கிருந்து ஓட்டமாக ஓடினேன். மத்தியுஸ் அத்தான் முற்றத்தில் காப்பி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து யாரும் இறங்கவில்லை என்றார்.

தெற்கு அறையில் அக்கா எப்போதும்போலப் படுத்திருந்தாள். சுற்றிய துணிமேல், வலது கை இருக்கும் இடத்தில், முழங்கை வரைக்கும் வெள்ளைத் தொலி ஒட்டியிருந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை.